கவின்கலையில் முதுகலை: வாசகர் கேள்விகளும் ஓர் ஓவியரின் பதில்களும்

கவின்கலைக் கல்லூரிகளில் முதுகலைச் சேர்க்கை நெருங்குவதையொட்டி, ஐயங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். பல கடிதங்கள் ஒரே கேள்வியை வெவ்வேறு சொற்களில் கேட்டிருந்தன. ஒத்தவற்றை இணைத்து ஏழு கேள்விகளாக இங்கே தருகிறோம். பதில் எழுதுபவர் பதிப்போவியத்தில் (தகட்டிலோ கட்டையிலோ வரைந்து தாளில் அச்செடுக்கும் கலை) முதுகலை முடித்து, ஓவியராகவும் அவ்வப்போது கல்லூரிகளில் வருகைதரு ஆசிரியராகவும் இருப்பவர்.

கும்பகோணத்திலிருந்து ஒரு மாணவி: ஐயா, ஓவியத்தில் இளங்கலை இறுதியாண்டு படிக்கிறேன். முதுகலையையும் தமிழ்நாட்டிலேயே படித்தால் போதும் என்கிறார் அப்பா. சீனியர்கள் சாந்திநிகேதன், பரோடா, ஐதராபாத் என்று சொல்கிறார்கள். வெளியே போனால்தான் ஓவியராக முடியுமா?

ஓவியராவதற்கு ரயில் ஏறியே தீர வேண்டும் என்பதில்லை, அம்மா. சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. நீங்கள் படிக்கும் கும்பகோணம் கல்லூரிக்கும் 19ஆம் நூற்றாண்டுச் சித்திரப் பள்ளி ஒன்றுதான் வேர். தேவிபிரசாத் ராய் சௌத்ரியும் அவருக்குப் பின் கே. சி. எஸ். பணிக்கரும் முதல்வர்களாக இருந்த காலத்தில் சென்னையில் படித்து வெளிவந்தவர்களைத்தான் இன்று ‘மெட்ராஸ் இயக்கம்’ என்று கலை வரலாறு குறிப்பிடுகிறது. அவர்களில் பலர் கைவினைப் பொருள்கள் செய்து விற்றுச் சேர்த்த பணத்தைக் கொண்டு 1966இல் கடலோரத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனவே ‘இங்கே படித்தால் ஆகாது’ என்று யாராவது சொன்னால், அவர் தாம் படித்த இடத்துக்கு விளம்பரம் செய்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் நான்கு ஆண்டுகளை ஒரே இடத்தில் கழித்தவர்கள் முதுகலைக்கு வேறு ஊருக்குப் போவது நல்லது என்பதே என் கருத்து. தரத்தில் ஏற்றத்தாழ்வு பார்த்து இதைச் சொல்லவில்லை. நான்கு ஆண்டுகளில் நம் ஆசிரியர்களின் கண் நமக்கு வந்துவிடுகிறது. அவர்களுக்குப் பிடிக்கும் கோடு எது, எந்த நிறத்தை வைத்தால் தலையசைப்பார்கள் என்பது கைக்குப் பழகிவிடுகிறது. முதுகலையின் முதல் பருவத்தில் நான் மூன்று எட்சிங்குகளை (அமிலத்தால் அரித்த உலோகத் தகட்டிலிருந்து எடுத்த அச்சுகளை) சுவரில் மாட்டிவிட்டுப் பெருமையோடு நின்றேன். பேராசிரியர் ஐந்து நிமிடம் பேசாமல் பார்த்துவிட்டு, “இதில் எந்தக் கோடு உன்னுடையது?” என்று மட்டும் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது; விடுதி அறைக்குப் போய்ப் படங்களைத் தரையில் பரப்பிப் பார்த்தபோது, மூன்றிலும் என் பழைய ஆசிரியரின் மணிக்கட்டுதான் தெரிந்தது. அந்தக் கேள்வியை ஊரில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், ஏனென்றால் ஊரில் எல்லாருக்கும் அதே மணிக்கட்டு.

நீங்கள் குறிப்பிட்ட மூன்று இடங்களும் மூன்று விதமானவை. சாந்திநிகேதனின் கலாபவனம் 1919இல் தொடங்கியது. நந்தலால் போஸும் பினோத் பிகாரி முகர்ஜியும் ராம்கிங்கர் பைஜும் ஆசிரியர்களாக இருந்த இடம் என்பது பாடப்புத்தகச் செய்தி; அங்கே போனால் அது பாடமாக இராது. செம்புறைச் சரளையும் சிமெண்டும் கலந்து 1938இல் ராம்கிங்கர் நிறுத்திய ‘சந்தால் குடும்பம்’ வகுப்புக்குப் போகும் வழியிலேயே நிற்கிறது. சுவரோவியங்களைப் பார்ப்பதற்குக் காட்சியகம் தேட வேண்டியதில்லை, கட்டடங்களே காட்சியகம். இயற்கையை வரைந்து பழகவும் சுவரில் வேலை செய்யவும் ஆசை இருப்பவர்களுக்கு அது ஏற்ற இடம். பரோடாவின் நுண்கலைப் பிரிவு 1950இல் உருவானது. அங்கே ஓவியமும் கலை வரலாறும் ஒரே வளாகத்தில் ஒன்றோடொன்று சண்டையிட்டுக்கொண்டே வளர்ந்தன. ஏன் இப்படி வரைந்தாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் அங்கே யாரும் தப்ப முடியாது. பட்டத்தின் பெயரும் அங்கே ‘மாஸ்டர் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸ்’ என்று இருக்கும், குழம்ப வேண்டாம். ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் சரோஜினி நாயுடு கலைப்பள்ளியில் ஓவியம், சிற்பம், பதிப்போவியம் ஆகியவற்றோடு நாடகமும் நடனமும் ஊடகவியலும் பக்கத்து வகுப்புகளில் நடக்கின்றன; நமக்கு ஓரிரவு ரயில் தூரம் என்பதால் அப்பாவும் சற்று எளிதாகச் சம்மதிக்கக்கூடும்.

இந்தப் பெயர்களுக்கெல்லாம் மயங்காமல், போகும் இடத்தில் பட்டறை எப்படி இருக்கிறது என்று விசாரியுங்கள். இறந்துபோன மேதைகள் யாரும் உங்களுக்குப் பாடம் நடத்தப் போவதில்லை. இரவில் ஸ்டுடியோ திறந்திருக்குமா, முதுகலை மாணவருக்குத் தனி இடம் உண்டா, அச்செடுக்கும் பிரஸ் ஓடுகிறதா, உலோக வார்ப்புக்கு உலை மூட்டுகிறார்களா, நூலகத்தில் படப் புத்தகங்களை எடுத்துப் பார்க்க விடுகிறார்களா என்பவற்றை இப்போது அங்கே படிக்கும் மாணவர் ஒருவரிடம் கேளுங்கள். ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் பிறந்து, சாந்திநிகேதனில் படித்து, சென்னையில் கலாக்ஷேத்திராவில் சிறிது காலம் ஓவியம் கற்பித்து, பின்பு லண்டனுக்கும் பாரிசுக்கும் போன கிருஷ்ண ரெட்டி, ஒரே உலோகத் தகட்டில் கெட்டியான மையையும் இளகிய மையையும் வேறு வேறு உருளைகளால் பூசிப் பல நிறங்களை ஒரே அழுத்தத்தில் எடுக்கும் முறையைப் பாரிசில் ஒரு கூட்டுப் பட்டறையில்தான் மற்றவர்களோடு சேர்ந்து கண்டுபிடித்தார். தனி அறையில் உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. பிரஸ்ஸும் உருளையும் பக்கத்தில் எட்டிப் பார்க்கும் இன்னொரு பதிப்போவியரும் வேண்டும்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர்: வயது 27. பொறியியல் படித்து மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எட்டு ஆண்டுகளாக வரைந்து வருகிறேன். இளங்கலைக் கவின்கலை படிக்காமல் நேரடியாக முதுகலையில் சேர வழி உண்டா?

ஓவியம், சிற்பம், பதிப்போவியம் ஆகிய செய்முறைப் பிரிவுகளில் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அதே பிரிவில் நான்காண்டு இளங்கலைப் பட்டத்தைக் கேட்கின்றன. அந்தக் கதவு உங்களுக்கு ஏறக்குறைய மூடியதுதான். ஆனால் பக்கவாட்டில் இரண்டு கதவுகள் இருக்கின்றன. டெல்லி அம்பேத்கர் பல்கலைக்கழகத்தின் காட்சிக்கலை முதுகலை, எந்தத் துறைப் பட்டதாரியும் தம் படைப்புகளைக் காட்டி விண்ணப்பிக்கலாம் என்ற எண்ணத்தோடு வடிவமைக்கப்பட்டது. கலை வரலாற்றுப் பிரிவிலும் பிற துறைப் பட்டதாரிகளைச் சில இடங்களில் சேர்த்துக்கொள்கிறார்கள். விண்ணப்பிக்கும் ஆண்டின் சேர்க்கை அறிவிப்பில் தகுதி பற்றிய பத்தியை ஒரு முறைக்கு இரு முறை படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கலை வரலாற்றை இரண்டாந்தர வழியாக நினைக்க வேண்டாம். பூபேன் கக்கர் பட்டயக் கணக்கராக இருந்தவர். 1962இல் மும்பையிலிருந்து பரோடாவுக்குப் போய்க் கலை விமர்சனப் படிப்பில்தான் சேர்ந்தார். அந்த வாசலால் உள்ளே நுழைந்தவர் பிற்பாடு இந்தியாவின் முதன்மையான ஓவியர்களில் ஒருவரானார். பகுதி நேரமாகக் கணக்கெழுதும் வேலையையும் பல ஆண்டுகள் விடவில்லை. கே. ஜி. சுப்ரமணியன் சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்து, விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்று, 1944இல் சாந்திநிகேதன் போனார். கேரளத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அந்தப் பொருளாதார மாணவர்தாம் பின்னாளில் பரோடாவிலும் சாந்திநிகேதனிலும் இரண்டு தலைமுறை ஓவியர்களுக்கு ஆசிரியராக இருந்தார்.

இவர்களைக் காட்டி வேலையை நாளைக்கே விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் தயாரில்லை. முதலில் ஓராண்டு, வாரத்தில் ஒரு நாளாவது, மாதிரியை வைத்து உருவம் வரையும் குழு ஒன்றில் சேருங்கள். அலைபேசியில் உள்ள புகைப்படத்தைப் பார்த்து வரைந்து பழகிய கைக்கும், எதிரில் மூச்சுவிடும் மனிதரைப் பார்த்து வரையும் கைக்கும் உள்ள வேறுபாட்டை நேர்முகத் தேர்வில் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். தாங்கள் அனுப்பியிருந்த ஆறு படங்களில் ஐந்து புகைப்படத்திலிருந்து வந்தவை என்று எனக்கே தெரிந்தது. ஆறாவது, அந்தப் பேருந்து நிலையத் தேநீர்க் கடை, அப்படியல்ல. அதில் பெஞ்சின் கால் ஒன்று தவறாக இருக்கிறது, ஆனால் உட்கார்ந்திருப்பவரின் எடை பெஞ்சில் இறங்கியிருக்கிறது. அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போங்கள்.

வேலூரிலிருந்து ஒரு மாணவர்: சேர்க்கையின்போது காட்ட வேண்டிய படைப்புத் தொகுப்பை எப்படித் தயாரிப்பது? நேர்முகத் தேர்வில் என்ன கேட்பார்கள்?

நான் சில முறை தேர்வுக் குழுவில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் தொடங்கினால் மாலைக்குள் இருபது முப்பது பேரின் படைப்புகளைப் பார்க்க வேண்டியிருக்கும். ஒருவருக்குப் பதினைந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். கல்லூரியில் வகுப்புப் பயிற்சியாகச் செய்த நாற்பது படங்களையும் லேமினேட் செய்து, அட்டை போட்டுக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. குழுவில் உள்ளவர்கள் பத்தாவது பக்கத்துக்கு மேல் புரட்டுவதில்லை. பன்னிரண்டு முதல் பதினைந்து படங்கள் போதும். அவற்றில் பாதியாவது ஒன்றுக்கொன்று தொடர்புடையவையாக, ஒரே விஷயத்தை நீங்கள் விடாமல் துரத்தியதைக் காட்டுபவையாக இருக்கட்டும். நிழற்படமாகக் கொடுக்கும்போது ஒவ்வொன்றின் கீழும் அளவு, ஊடகம், ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். ஐந்தடிக் கான்வாஸும் அரையடித் தாளும் திரையில் ஒரே அளவாகத்தான் தெரியும். பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், படத்தின் நான்கு ஓரங்களும் நேராக வரும்படி எடுங்கள். வீட்டு டியூப் லைட்டின் பச்சை படிந்த ஓவியங்களைப் பார்த்துப் பார்த்து எங்கள் கண் பூத்துப் போயிருக்கிறது.

ஸ்கெட்ச் புத்தகத்தை மறக்காமல் கொண்டுபோங்கள். ஒரு முறை ஒரு பையனின் ஓவியங்களைப் பார்த்துவிட்டு நாங்கள் மூவரும் ஏறக்குறைய ‘இல்லை’ என்ற முடிவுக்கு வந்திருந்தோம். எழுந்தபோது அவன் பையிலிருந்து நாற்பது பக்கக் கட்டுரை நோட்டு ஒன்று கீழே விழுந்தது. உள்ளே, அவன் அம்மா பீடி சுற்றும் கைகள்: இலையை வெட்டும் கை, தூளை அளந்து வைக்கும் கை, நுனியை மடிக்கும் விரல், பக்கத்துக்கு ஐந்தாறாக, பால்பாயிண்ட் பேனாவில். காட்டத் தகாதது என்று நினைத்து உள்ளேயே வைத்திருந்திருக்கிறான். அந்த நோட்டால்தான் அவனுக்கு இடம் கிடைத்தது.

விண்ணப்பத்தோடு ஒரு பக்க விளக்கக் குறிப்பும் கேட்பார்கள். ‘சமூகத்தின் அவலங்களை வெளிக்கொணர்வதே என் கலையின் நோக்கம்’ என்று தொடங்காதீர்கள். அந்த வாக்கியம் வாரத்துக்கு ஒரு முறையாவது வந்துவிடுகிறது. கடந்த ஓராண்டில் என்ன செய்தீர்கள், எதில் தோற்றீர்கள், அந்தத் தோல்வியைத் தீர்க்க இந்தக் கல்லூரியின் எந்தப் பட்டறை உங்களுக்குத் தேவைப்படுகிறது என்று எழுதினால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

நேர்முகத் தேர்வில் பெரும்பாலும் கேட்கப்படுபவை எளிய கேள்விகள்தாம்: பிடித்த ஓவியர் யார், அவருடைய எந்தப் படத்தை நேரில் பார்த்தீர்கள், இந்தப் படத்தை ஏன் இந்த அளவில் செய்தீர்கள். வான்கோ என்று பலரும் சொல்கிறார்கள். சொல்லலாம், தவறில்லை, ஆனால் அடுத்த கேள்வி ‘நேரில் பார்த்தது?’ என்று வரும்போது விழிக்கிறார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் சோழர் செப்புத் திருமேனிகளை ஒரு மணி நேரம் நின்று பார்த்ததைச் சொன்னால் உரையாடல் தானாக வளரும். சில மத்தியப் பல்கலைக்கழகங்கள் பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. கலை வரலாற்று வினாக்கள் அதில் வரும் என்பதால் அஜந்தாவிலிருந்து இன்றுவரை ஒரு சுற்றுப் படித்துவைப்பது உதவும்.

விருதுநகரிலிருந்து ஒரு தந்தை: ஐயா, என் மகள் இளங்கலை ஓவியம் முடித்துவிட்டாள். முதுகலை படிக்க வேண்டும் என்கிறாள். நான் சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறேன். இரண்டு ஆண்டும் பணமும் செலவழித்த பின் வேலை கிடைக்குமா என்று நேர்மையாகச் சொல்லுங்கள்.

நேர்மையாகவே சொல்கிறேன், ஐயா. பள்ளியில் ஓவிய ஆசிரியராவதுதான் குறிக்கோள் என்றால் முதுகலை தேவையில்லை. அதற்குரிய பட்டம் அல்லது பட்டயமும் அரசு அறிவிப்பில் கேட்கும் பயிற்சிச் சான்றிதழ்களும் இருந்தால் போதும். இரண்டு ஆண்டுகளைச் சேமிக்கலாம்.

கல்லூரி ஆசிரியராக வேண்டுமென்றால் முதுகலை கட்டாயம். பொதுப் பிரிவினர் அதில் 55 விழுக்காடு எடுத்திருக்க வேண்டும், பிற்படுத்தப்பட்ட, பட்டியல் வகுப்பு மாணவர்களுக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. கூடவே, பொதுவாக, நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் அல்லது மாநிலத் தகுதித் தேர்வில் தேர்ச்சி வேண்டும். நெட் தேர்வில் காட்சிக்கலை ஒரு தனிப் பாடம். இரண்டு தாள்களிலும் சேர்த்து 150 வினாக்கள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆண்டுக்கு இரு முறை நடத்துவது வழக்கம். இதில் உயர் மதிப்பெண் பெற்று ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்வானால், முனைவர் பட்ட ஆய்வின்போது மாதந்தோறும் பணம் வரும். இவ்வளவும் இருந்தாலும் அரசுக் கவின்கலைக் கல்லூரிகள் நம் மாநிலத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவை என்பதால், நிரந்தரப் பணியிடம் எப்போதாவதுதான் வரும்; அதுவரை தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். நானும் ஓர் ஊரில் மூன்று ஆண்டு அப்படி இருந்தேன். சம்பளம் நான்கு மாதத்துக்கு ஒரு முறை மொத்தமாக வரும். வந்த அன்று மளிகைக் கடைக்காரர்தான் முதலில் சிரிப்பார். தங்களுக்கு அந்தச் சிரிப்பு மறுபக்கத்திலிருந்து தெரிந்திருக்கும்.

அதே நேரத்தில் வேலை என்பது அரசுப் பணி மட்டுமல்ல. கட்டடக்கலைக் கல்லூரிகள், ஆடை வடிவமைப்பு நிறுவனங்கள், அனிமேஷன் நிறுவனங்கள், பதிப்பகங்கள், திரைப்படக் கலை இயக்கம், அருங்காட்சியகங்கள் ஆகியவற்றில் கவின்கலை படித்தவர்கள் நிறையப் பேர் பிழைக்கிறார்கள். அவற்றில் முதுகலைச் சான்றிதழைவிட வேலைத் தொகுப்பையே பார்க்கிறார்கள். படங்களை விற்று வாழ்வது இயலும், ஆனால் ஒழுங்கான வருமானமாக இராது. ஒரு காட்சிக்குப் பின் ஆறு மாதம் ஓடும், அடுத்த எட்டு மாதம் ஓடாது.

செலவைப் பொறுத்தவரை, அரசு மற்றும் மத்தியப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் தனியார் கல்லூரிகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. உண்மையான செலவு வண்ணமும் கான்வாஸும் விடுதியும்தான். மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையிலான இளங்கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டு உதவித்தொகை தருகிறது. காட்சிக்கலைக்கும் அதில் இடமுண்டு. படித்து முடித்த பிறகு, 25 வயதுக்கு மேல் 40 வயதுக்குள் இருப்பவர்களுக்கு மாதம் 10,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டு இளநிலை நல்கை ஒன்றும் இருக்கிறது. மகளை இவற்றுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். படிப்பு முடித்தபின் பட்டறை வசதியில்லை என்று கைவிடுகிறவர்கள் நிறையப் பேர்; சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதமியின் மண்டல மையத்தில் பதிப்போவியம், சிற்பம், சுடுமண் வேலை ஆகியவற்றுக்கான பட்டறைகளைக் கலைஞர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம்.

வேலை நிச்சயம் என்று நான் எழுதித்தர முடியாது. ஆனால் தங்கள் கடிதத்தின் உறையில் மகள் வரைந்திருந்த கடையின் தராசைப் பார்த்தேன். இரண்டு தட்டுகளும் சமமாக இல்லாமல், ஒன்று சற்றே இறங்கும் கணத்தில் பிடித்திருக்கிறார். அந்தக் கணத்தைப் பார்க்கத் தெரிந்தவருக்கு இரண்டு ஆண்டு கொடுப்பது வீண் செலவாகாது என்பது என் கணிப்பு.

தேனியிலிருந்து ஒரு மாணவர்: பள்ளி முழுவதும் தமிழ்வழியில் படித்தேன். முதுகலையில் ஆய்வுக் கட்டுரை ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்கிறார்கள். கலை வரலாற்று வகுப்பை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

பயத்தை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல விரும்பவில்லை. வெளிமாநிலப் பல்கலைக்கழகங்களில் கட்டுரை ஆங்கிலத்தில்தான், நெட் வினாத்தாளும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். ஆனால் முதல் ஆண்டில் திணறுபவர்களைக் கவனித்ததில், பலருக்கு மொழியைவிடப் பெரிய தடை, பார்த்ததைச் சொல்லும் பழக்கமின்மை. தமிழிலேயே ஒரு படத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னால் ‘அருமை’, ‘உயிரோட்டம்’ என்பதற்கு அப்பால் நகர மாட்டேன் என்கிறது பேனா.

எனவே தமிழிலிருந்து தொடங்குங்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் 1931இல் கண்டுபிடிக்கப்பட்ட சோழர் ஓவியங்களில், சுந்தரர் வெள்ளை யானை மீதும் சேரமான் பெருமாள் குதிரை மீதும் கயிலை செல்லும் காட்சியின் நல்ல நிழற்படம் ஒன்றை எடுத்து எதிரே வையுங்கள். கதையைச் சொல்லாமல் கண்ணில் படுவதை மட்டும் எழுதுங்கள்: எது முன்னால், எது பின்னால், கோடு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது, யானையின் உடலைக் காட்ட நிழல் போட்டிருக்கிறாரா, வெளிக்கோட்டாலேயே காட்டியிருக்கிறாரா, வேகம் எதனால் தெரிகிறது. இரண்டு பக்கம் வந்தபின் அதை நீங்களே எளிய ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். முப்பது நாற்பது சொற்கள் திரும்பத் திரும்பத் தேவைப்படுவதைக் காண்பீர்கள். கலை எழுத்தின் அன்றாடச் சொற்கள் ஏறக்குறைய அவ்வளவுதான். வாரம் ஒன்று வீதம் ஆறு மாதம் இதைச் செய்தால் கட்டுரையின் பாதி வேலை முடிந்த மாதிரி. மீதிப் பாதி படிப்பது. அதற்கு அகராதியும் பொறுமையும் தவிர எனக்கும் வேறு வழி தெரிந்திருக்கவில்லை.

தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் ஊர்ப்பக்கத்தை விட்டுவிடாதீர்கள். ஐரோப்பிய ஓவியரைப் பற்றி எழுத நூறு பேர் இருக்கிறார்கள்; உங்கள் வட்டாரத்துக் குலதெய்வக் கோயில் சுதைக் குதிரைகளின் வண்ணம் கடந்த ஐம்பது ஆண்டுகளில் எப்படி மாறியது என்பதை, வண்ணம் அடித்தவரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டு எழுத உங்களைத் தவிர யார் இருக்கிறார்கள்? அங்கே தமிழ்தான் வேண்டும்.

மட்டக்களப்பிலிருந்து ஒரு வாசகி: இலங்கையில் காட்சிக்கலை இளங்கலை முடித்த நான் முதுகலைக்கு இந்தியா வர உதவித்தொகை உண்டா?

உண்டு. இந்தியப் பண்பாட்டு உறவுகள் கழகம் இலங்கை மாணவர்களுக்கு அளிக்கும் உதவித்தொகைகளில் முதுகலைக்கானது மௌலானா ஆசாத் பெயரில் உள்ளது. கொழும்பில் உள்ள இந்திய உயர் ஆணையம் ஆண்டுதோறும் அறிவிப்பு வெளியிடும். கவின்கலைக்கு விண்ணப்பிக்கும்போது, படைப்புத் தொகுப்பைப் பல்கலைக்கழகம் தனியே கேட்கக்கூடும் என்பதால் அதை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். உங்கள் கல்லூரி ஆசிரியர் இருவரின் பரிந்துரைக் கடிதங்களையும் கையோடு வாங்கிவிடுங்கள்.

சென்னையிலிருந்து இரு மாணவர்கள் தனித்தனியே: ஒருவர், லண்டன் போகலாமா? மற்றவர், வண்ணம் வாங்கவே பணமில்லை, முதுகலையை எப்படிச் சமாளிப்பது?

அடுத்தடுத்து வந்த இந்த இரண்டு கடிதங்களையும் பிரிக்க மனம் வரவில்லை. லண்டன் கேட்டவருக்குச் சுருக்கமாக: ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட் 2022இலிருந்து முதுகலையை ஓராண்டாகச் சுருக்கிவிட்டது, கட்டணத்தோடு லண்டன் வாடகையையும் கணக்கிட்டால் முழு உதவித்தொகை இல்லாமல் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் கேட்பார்கள். ஆகவே முதலில் வேலை பாருங்கள், பிறகு விண்ணப்பியுங்கள்.

வண்ணம் கேட்டவருக்கு: கடையில் விற்கும் தயார் கான்வாஸை வாங்காதீர்கள். மொத்தக் கடையில் கெட்டியான காடாத் துணியை மீட்டர் கணக்கில் வாங்கி, ஒரு முறை தண்ணீரில் ஊறவைத்துக் கஞ்சி போகத் துவைத்துக் காயவையுங்கள். துவைக்காத துணி பிற்பாடு சுருங்கிச் சட்டத்தை வளைத்துவிடும். சட்டத்தில் இழுத்து அடிக்கும்போது ஒரு பக்கத்தை முழுவதும் அடித்துவிட்டு மறுபக்கம் போகாதீர்கள்; நான்கு பக்கத்தின் நடுவிலும் ஓர் ஆணி, பிறகு நடுவிலிருந்து மூலைகளை நோக்கி. பெவிகாலை அதே அளவு தண்ணீரில் கரைத்து முதலில் ஒரு பூச்சு. அது காய்ந்தபின், அதே கரைசலில் சாக்பவுடரும் சிறிது ஜிங்க் வெள்ளையும் மோர்ப் பதத்துக்குக் கலந்து இரண்டு பூச்சு, முதலாவதைக் கிடைமட்டமாக, அடுத்ததைச் செங்குத்தாக. இடையில் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும். பெவிகால் அதிகமானால் பரப்பு கண்ணாடி மாதிரி வழுக்கும், சாக்பவுடர் அதிகமானால் சுருட்டும்போது வெடிக்கும். முதல் இரண்டு துணி வீணாகும், மூன்றாவதில் கை பிடிபட்டுவிடும். அக்ரிலிக் வண்ணத்துக்கு இது நன்றாகப் பொருந்தும். எண்ணெய் வண்ணம் தீட்டுவதென்றால் இன்னும் ஒரு பூச்சு கொடுத்து, ஒரு வாரம் காயவிட்டுத் தொடங்குங்கள்.